எண்ணித் துணிந்த அறிஞர் டுபாய்ஸ்

நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு மலருக்கு ஒரு கவிஞரின் வாழ்க்கையை எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் என்னைக் கேட்டிருந்தனர். நான் தேர்ந்துகொண்டவரோ பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பயின்று, கையில் வினாப்படிவங்களை ஏந்தி வீடு வீடாக ஏறி இறங்கியவர். குழுவினர் பொறுத்தருள வேண்டும். அவர் கவிதையும் எழுதியவரே. ஆயினும் அதன்பொருட்டு அவரை நான் தேர்ந்திலேன். நம் திங்கள் கூட்டங்களில் ஏழ்மையைப் பாடும் கவிதைகளுக்கு என்றும் குறைவிருந்ததில்லை. பாடப்படும் அந்த ஏழையின் வீட்டில் எத்தனை அறைகள், எத்தனை பேர் அங்கே உறங்குகின்றனர், வாடகை எவ்வளவு, எந்த வேலையைக் கேட்டுப் போய் எந்த வாயிலிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டான் என்பன பாடிய நமக்குத் தெரியுமா என்ற ஐயம் எனக்கு நெடுநாளாக உண்டு. என் கவிதைகளையும் சேர்த்தே சொல்லுகிறேன். அந்த ஐயமே என்னை வில்லியம் எட்வர்ட் பர்க்ஹார்ட் டுபாய்ஸிடம் கொண்டு சேர்த்தது.

பெயரைப் பற்றி ஒரு சொல். அவர்தம் முன்னோர் வழியில் பிரெஞ்சுக் குருதியும் உண்டு. ஆதலால் பலர் அப்பெயரைப் பிரெஞ்சு முறைப்படி ஒலிக்க முயல்வர். அவரோ அதை ஏற்பதில்லை. இறுதி எழுத்தும் அழுத்தமாக ஒலிக்க, டுபாய்ஸ் என்றே அழைக்கப்பட வேண்டும் என்பதில் உறுதியாயிருந்தார். தம் பெயரைக் கூடப் பிறர் விருப்பத்துக்கு விட்டுக்கொடாத மனிதர் அவர்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கிரேட் பாரிங்டன் என்னும் சிற்றூரில் 1868ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 23ஆம் நாள் டுபாய்ஸ் பிறந்தார். அடிமை முறை சட்டப்படி ஒழிந்து மூன்றாண்டுகள்கூட ஆகியிருக்கவில்லை. தந்தை குழந்தைப் பருவத்திலேயே குடும்பத்தைப் பிரிந்தார். தாய் மேரி சில்வினா வீட்டுவேலை செய்து மகனைப் படிக்க வைத்தார். அவ்வூரில் கருப்பர் குடும்பங்கள் மிகச் சில. வெள்ளைப் பிள்ளைகளோடு ஒரே பள்ளியில் படித்து, ஒரே ஆற்றங்கரையில் விளையாடி வளர்ந்த சிறுவனுக்குத் தன் நிறம் ஒரு செய்தியாகப் பட்டதில்லை. ஒருநாள் பள்ளிப் பிள்ளைகள் பெயரட்டைகளை ஒருவருக்கொருவர் கொடுத்து மகிழ்ந்தனர். ஊருக்குப் புதிதாக வந்த ஒரு சிறுமி அவனுடைய அட்டையை மட்டும் பார்வையாலேயே மறுத்துவிட்டாள். தனக்கும் பிறருக்கும் இடையே ஒரு திரை தொங்குவதை அன்றுதான் அச்சிறுவன் கண்டான். பின்னாளில் அவர் எழுதிய ஆயிரக்கணக்கான பக்கங்களில் அந்தத் திரை மீண்டும் மீண்டும் வருகிறது.

தாய் 1885இல் மறைந்தார். ஊர்த் திருச்சபைகள் திரட்டித் தந்த பொருளைக் கொண்டு டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரில் கருப்பின மாணவர்க்கென அமைந்த பிஸ்க் பல்கலைக்கழகத்தில் டுபாய்ஸ் சேர்ந்தார். கோடை விடுமுறைகளில் டென்னசியின் உட்கிராமங்களில் பள்ளி நடத்தினார். அந்த வேலையும் தேடி வந்ததன்று. எங்கேனும் ஆசிரியர் தேவையா என்று சாலை சாலையாக நடந்து கேட்டுப் பெற்ற வேலை. மரக்கட்டைகளால் ஆன குடிலே பள்ளி. மாணவர் வராத நாள்களில் அவர்தம் வீடுகளுக்கே சென்று, பருத்திக் காட்டு வேலையா, கடனா, நோயா எனக் காரணம் கேட்டறிவார். சமூக ஆய்வு என்ற சொல்லை அவர் அறியுமுன்னரே அதன் முதற்பாடம் இவ்வாறு தொடங்கிவிட்டது என்பது என் கருத்து.

1888இல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் அவரை ஏற்றது. ஆனால் பிஸ்க் தந்த பட்டத்தை முழுப் பட்டமாகக் கொள்ளாது, மூன்றாம் ஆண்டு மாணவராகவே சேர்த்துக்கொண்டது. வில்லியம் ஜேம்ஸிடம் மெய்யியலும் ஆல்பர்ட் புஷ்னெல் ஹார்ட்டிடம் வரலாறும் பயின்று, 1890இல் இரண்டாம் முறையாக இளங்கலைப் பட்டமும் மறு ஆண்டு முதுகலைப் பட்டமும் பெற்றார். மேற்படிப்புக்காக ஐரோப்பா செல்ல விழைந்தார். உதவித்தொகை வழங்கும் அறக்கட்டளையின் தலைவராக முன்னாள் குடியரசுத் தலைவர் ஹேய்ஸ் இருந்தார். தகுதியுள்ள கருப்பின மாணவர் எவரும் கிடைக்கவில்லை என்று அவர் சொன்னதாகச் செய்தி வெளிவந்தது. டுபாய்ஸ் விட்டாரில்லை. மடல்மேல் மடலாக எழுதினார். பாதி கொடையாகவும் பாதி கடனாகவும் தொகை கிடைத்தது. அந்தப் பிடிவாதம் இல்லையேல் இவ்வரலாறே இல்லை.

1892 முதல் 1894 வரை பெர்லின் பல்கலைக்கழகத்தில் பயின்றார். ஆசிரியர் குஸ்டாவ் ஷ்மோலர் பொருளியலை வானத்திலிருந்து இறங்கும் விதிகளாகக் கற்பிக்கவில்லை. முதலில் செய்திகளைத் திரட்டு. ஊர் ஊராக, தொழில் தொழிலாகத் திரட்டு. விதி பின்னர் வரட்டும் என்பது அவர்தம் நெறி. டுபாய்ஸின் உள்ளத்தில் அது ஆழப் பதிந்தது. அதே பல்கலைக்கழகத்தில், கலப்பினத்தார் தாழ்ந்தவர் என்று மேடையிலிருந்து முழங்கிய டிரைட்ஷ்கேயின் விரிவுரையையும் அவர் அமர்ந்து கேட்க நேர்ந்தது. தம்மைக் குறித்தே பேச்சாளர் சொல்வது போல் அவருக்குத் தோன்றியது. தம் இருபத்தைந்தாம் பிறந்தநாள் இரவில் தனியறையில் மெழுகுவத்தி ஏற்றி, தம் சிறு நூல் தொகுதியை இறந்த தாய்க்குக் காணிக்கையாக்கி, உலகுக்குத் தாம் செய்யக் கடவது யாது என்று குறிப்பேட்டில் எழுதி வைத்தார். பெர்லினில் முனைவர் பட்டத்துக்கு இன்னும் சில மாதங்கள் தங்கவேண்டியிருந்தது. உதவித்தொகை நீட்டிக்கப்படவில்லை. நாடு திரும்பி 1895இல் ஹார்வர்டில் முனைவரானார். அங்கு அப்பட்டம் பெற்ற முதற் கருப்பர் அவரே. ஆப்பிரிக்க அடிமை வாணிகம் ஒடுக்கப்பட்ட வரலாறே அவர் எடுத்துக்கொண்ட பொருள்.

இத்துணைக் கல்வி பெற்றவருக்குக் கிடைத்த வேலை, ஒஹாயோ மாநிலத்து வில்பர்போர்ஸ் என்னும் சிறு நிறுவனத்தில் இலத்தீனும் கிரேக்கமும் செருமனும் ஆங்கிலமும் கற்பிப்பது. கூடுதலாகச் சமூகவியலும் கற்பிக்கிறேன் என்று அவரே முன்வந்து கேட்டும் இசைவு கிடைக்கவில்லை. அங்கே அவருக்கு வாய்த்த நன்மை ஒன்றே: நீனா கோமர் என்னும் மாணவியை 1896இல் மணந்தார்.

அவ்வாண்டிலேயே பிலடெல்பியாவிலிருந்து பென்சில்வேனியாப் பல்கலைக்கழகம் அழைப்பு விடுத்தது. அந்நகரின் ஏழாம் வட்டம் கருப்பின மக்கள் செறிந்து வாழ்ந்த பகுதி. (நம் இலக்கிய வட்டத்தோடு மயங்க வேண்டா, இது நகராட்சி வட்டம்.) நகர ஆட்சி சீர்கெட்டுப்போனதற்குக் காரணம் கருப்பர் வாக்குகளே என்று சீர்திருத்தம் பேசிய மேல்தட்டினர் பலர் நம்பினர். அந்த நம்பிக்கைக்கு ஆய்வின் முத்திரை வேண்டியிருந்தது. டுபாய்ஸுக்கு இது தெரியாமலில்லை. தெரிந்தே ஏற்றார். சமூகவியல் உதவியாளர் என்பது பதவிப்பெயர். ஆண்டுக்கு 900 டாலர் ஊதியம். மாணவர்க்குப் பாடம் நடத்தும் உரிமை இல்லை. பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் பட்டியலிலும் அவர் பெயர் அச்சிடப்படவில்லை. 2012இல், அவர் மறைந்து 49 ஆண்டுகள் கழிந்தபின், அதே பல்கலைக்கழகம் அவரை மதிப்புறு ஓய்வுநிலைப் பேராசிரியராக அறிவித்தது. காலம் தாழ்ந்த மரியாதைக்கு நம் நாட்டிலும் சான்றுகள் உண்டாதலின் இதைக் கேட்டு நாம் வியக்கவேண்டியதில்லை.

புதுமனைவியோடு ஏழாம் வட்டத்துக்குள்ளேயே, ஓர் உணவகத்தின் மாடியில் ஒற்றையறையில் குடிபுகுந்தார். சண்டையும் கூச்சலும் குடிவெறியும் நிறைந்த தெருக்கள் அவை. அங்கிருந்துகொண்டே ஆய்வைத் தொடங்கினார். குடும்பத்துக்கு ஒரு படிவம், தனி ஆளுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று, தெருவுக்கு ஒன்று, திருச்சபை, சங்கம் போன்ற அமைப்புகளுக்கு ஒன்று, முதலாளி வீட்டிலேயே தங்கிப் பணிசெய்வோர்க்கு ஒன்று. எங்கே பிறந்தீர், இந்நகருக்கு வந்து எத்தனை ஆண்டு, என்ன தொழில், வாரத்துக்கு என்ன வரும், வாடகை எவ்வளவு, எழுதப் படிக்கத் தெரியுமா, இறந்த குழந்தைகள் எத்தனை என்று வினாக்கள் நீளும். அவ்வட்டத்தில் அந்நாள் வாழ்ந்த கருப்பின மக்கள் 9,675 பேர். ஏறத்தாழ 2,500 வீடுகளின் கதவுகளைத் தாமே தட்டினார். கூலிக்கு ஆள் வைத்து நிரப்பிய படிவங்கள் அல்ல அவை. வீட்டுப் பணியாளர்களைப் பற்றிய ஆய்வை மட்டும் இசபெல் ஈட்டன் என்னும் அம்மையார் செய்து தந்தார்.

நம் உறுப்பினருள் ஆசிரியப் பணியில் இருப்போர் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குச் சென்ற அனுபவம் உடையவர்கள். கதவு திறக்குமுன் உள்ளிருந்து எழும் அந்த முதற்குரலின் ஐயத்தை அவர்கள் அறிவர். டுபாய்ஸையும் அந்த ஐயமே வரவேற்றது. கண்ணாடிக் குப்பியில் இட்ட பூச்சியைப் போலத் தங்களை எவரோ ஆராய வந்திருக்கிறார் என்பதை அம்மக்கள் விரும்பவில்லை. நேர்த்தியாக உடுத்து, கையுறையும் கைத்தடியுமாய், ஐரோப்பாவில் படித்த ஆங்கிலத்தில் பேசும் ஒருவரைத் தம்மவர் என்று கொள்வதும் அவர்களுக்கு எளிதாயிருந்திராது. தம் இனத்தைப் பற்றித் தாம் அறிந்தது எத்துணைச் சிறிது என்பதை அங்கேதான் உணர்ந்ததாக அவர் பின்னர் ஒப்புக்கொண்டார். கற்றவர் ஒருவர் இதை எழுத்தில் ஒப்புக்கொள்வது அரிது.

கணக்கு சொன்னது என்ன? அங்கு வாழ்ந்தோருள் அந்நகரிலேயே பிறந்தவர் மூன்றில் ஒரு பங்கினும் குறைவு. பாதிக்கு மேற்பட்டோர் தென்மாநிலங்களில் பிறந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். ஆண்களும் பெண்களும் பெரும்பாலும் ஏவல் வேலைகளிலேயே அடைபட்டிருந்தனர். கைத்தொழில் கற்றவருக்கும் பட்டறைகளின் கதவும் தொழிற்சங்கங்களின் கதவும் அடைத்தே கிடந்தன. வருவாய் குறைவு, ஆனால் வாடகையோ மிகுதி. ஏனெனில் பிற தெருக்களில் அவர்களுக்கு வீடு தருவாரில்லை. வாடகையைச் சமாளிக்க உள்வாடகைக்கு ஆள் வைத்தனர்; ஆள் வைத்ததால் குடும்பத்தின் தனிமை குலைந்தது. குற்றம் என்பது இக்காரணங்களின் விளைவேயன்றிக் குருதியில் ஊறியதன்று. ஒரு காலத்தில் அந்நகரின் செல்வர் வீட்டு விருந்துகளைச் சமைத்துப் பரிமாறும் தொழில் முழுவதையும் கருப்பினக் குடும்பங்கள் சிலவே கையில் வைத்திருந்த சிறப்பையும், பின்னர் அது எவ்வாறு நழுவியது என்பதையும் அவர் விரிவாக ஆராய்ந்துள்ளார். அந்தப் பகுதி ஒரு புதினம் போலவே படிக்கத்தக்கது. இங்ஙனம் கருப்பர் பிரச்சினை என்று ஒற்றைச் சொல்லால் எல்லாரும் சுட்டியதைப் பிரித்துப் பிரித்து, பல பிரச்சினைகளின் முடிச்சாக அவர் காட்டினார். 1899இல் வெளிவந்த பிலடெல்பியா நீக்ரோ என்னும் அந்நூலே அமெரிக்க நகரம் ஒன்றின் கருப்பின மக்களைப் பற்றிய முதற் பேராய்வு.

குறையும் உண்டு. வட்டத்தின் வரைபடத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் தரத்துக்கேற்ப வண்ணம் தீட்டினார். நடுத்தரத்தார்க்கு ஒன்று, உழைக்கும் மக்களுக்கு ஒன்று, வறியோர்க்கு ஒன்று, குற்றவாளியர் எனக் கருதியோர்க்குக் கருப்பு. கடைசி நிலையில் வைக்கப்பட்டோரைப் பற்றி அவர் எழுதிய வரிகளில் கண்டிப்பான ஒரு பாதிரியாரின் குரல் கேட்கிறது. அவ்வண்ணத்தை வீட்டுக்காரர் பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பார் என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை. கற்ற சிலரே இனத்தை உயர்த்துவர் என்ற அவர்தம் இளமைக் கொள்கையும் இதே ஊற்றிலிருந்து பிறந்தது. அக்கொள்கையைப் பிற்காலத்தில் அவரே திருத்திக்கொண்டார்.

பிலடெல்பியாப் பணி முடிந்ததும் அட்லாண்டாப் பல்கலைக்கழகம் அவரை ஏற்றது. இம்முறை வகுப்பறை இருந்தது, மாணவர் இருந்தனர். சமூகவியல் பாடத்தை அவர் ஏட்டோடு நிறுத்தவில்லை. தொழில், கல்வி, திருச்சபை, குற்றம், உடல்நலம், குடும்பம் என ஆண்டுக்கு ஒரு பொருளாகப் பத்தாண்டில் பத்துப் பொருள்களை ஆய்வது. அடுத்த பத்தாண்டில் அவற்றையே மீண்டும் ஆய்வது. இவ்வாறு நூறாண்டு தொடர்வது என்பது அவர்தம் திட்டம். முன்னாள் மாணவர்கள் தத்தம் ஊர்களிலிருந்து ஊதியமின்றிச் செய்தி திரட்டி அனுப்பினர். பொருளுதவியோ மிகச் சிறிது. 1900இல் பாரிஸ் நகரில் நடந்த உலகக் கண்காட்சிக்காக மாணவரும் அவரும் சேர்ந்து ஏறத்தாழ 60 விளக்கப் படங்களைக் கையாலேயே வரைந்தனர். சிவப்பும் பச்சையும் மஞ்சளும் தீட்டிய அப்படங்களில் ஒரு மக்கட்கூட்டத்தின் நிலவுடைமையும் எழுத்தறிவும் சுருள் சுருளாய் விரிந்தன. கப்பலின் மிகத் தாழ்ந்த வகுப்பில் பயணம் செய்து அவற்றைக் கொண்டுபோய் மாட்டினார். தங்கப் பதக்கம் கிடைத்தது.

இவற்றுக்கிடையே 1899 வந்து போயிருந்தது. அவ்வாண்டின் வேனிலை நான் கடந்துபோக இயலவில்லை.

ஏப்ரல் திங்களில் ஜார்ஜியா மாநிலத்தில் சாம் ஹோஸ் என்னும் கருப்பினத் தொழிலாளியை வெறிகொண்ட கும்பல் ஒன்று சித்திரவதை செய்து உயிரோடு எரித்தது. உண்மை நிலையை விளக்கி நிதானமான ஓர் அறிக்கை எழுதி, அதை நாளிதழ் ஒன்றின் ஆசிரியர் குழுவில் இருந்த எழுத்தாளர் ஜோயல் சாண்ட்லர் ஹாரிஸிடம் நேரில் கொடுக்க டுபாய்ஸ் புறப்பட்டார். பாதி வழியில் ஒரு செய்தி அவர் காதில் விழுந்தது. அவர் நடந்துகொண்டிருந்த அதே தெருவில், சற்றுத் தொலைவில் ஒரு மளிகைக் கடையில், எரிக்கப்பட்டவனின் விரல் கணுக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டிருந்தனவாம். அறிக்கையைக் கொடுக்காமலே திரும்பி நடந்தார். மக்கள் அறியாமையால்தான் தீமை செய்கின்றனர், உண்மையை எண்ணி எடுத்து முன்வைத்தால் திருந்துவர் என்று பெர்லினிலிருந்து அவர் சுமந்துவந்த நம்பிக்கை அத்தெருவில் முறிந்தது. தம்மவர் கொல்லப்படும்போது விலகி நின்று அளக்கும் அறிவியலாளனாக மட்டும் இருத்தல் இயலாது என்றும், தாம் எண்ணியிருந்த அளவுக்கு இத்தகைய ஆய்வை உலகம் வேண்டி நிற்கவுமில்லை என்றும் அவர் உணர்ந்தார்.

அடுத்த திங்களே அவர்தம் ஒரே மகன், ஒன்றரை வயதுக் குழந்தை பர்க்ஹார்ட், தொண்டை அடைப்பான் நோய் கண்டு இறந்தான். வெள்ளை மருத்துவர் கருப்பர் வீட்டுக்கு வருவதில்லை. கருப்பின மருத்துவரோ அந்நகரில் மிகச் சிலர். இறப்பு விகிதங்களை நிரல் நிரலாகத் தொகுத்த கை, தன் வீட்டு இறப்பையும் அந்த நிரலில் சேர்க்க வேண்டியதாயிற்று. குழந்தையை ஜார்ஜியா மண்ணில் புதைக்க அவருக்கு மனம் ஒப்பவில்லை. வடக்கே தாம் பிறந்த ஊருக்கு எடுத்துச் சென்றார்.

1903இல் வெளிவந்த கருப்பின மக்களின் ஆன்மாக்கள் என்னும் நூலில் மகனுக்கான கையறு நிலை ஓர் இயலாக அமைந்துள்ளது. அதே நூலில் ஜார்ஜியாவின் ஒரு மாவட்டத்து உழவர் கடன்களைப் பற்றிய இயலும் உண்டு. ஒவ்வோர் இயலின் தலைப்பிலும் ஒரு கவிதைப் பகுதியும், அதன்கீழ் அடிமைக் காலத்துத் துயரப் பாடல் ஒன்றின் இசைக்குறிப்பும் சொற்களின்றி அச்சிடப்பட்டிருக்கும். எண்ணும் எழுத்தும் என்று நாம் இணைத்துச் சொல்வது ஒரு நூலில் உண்மையாகவே இணைந்து நிற்பதைக் காண விரும்பும் கவிஞர் இதைத் தேடிப் படித்தல் நன்று. செருமானிய அறிஞர் மாக்ஸ் வேபர் 1904இல் அமெரிக்கா வந்தபோது டுபாய்ஸைச் சந்தித்து, தம் ஆய்விதழுக்குக் கட்டுரை கேட்டு வாங்கி வெளியிட்டார்.

ஆய்வை அவர் அடியோடு கைவிட்டாரல்லர். 1906இல் அரசின் தொழிலாளர் துறைக்காக அலபாமாவின் லௌண்டஸ் மாவட்டத்தில் உதவியாளர் பலரோடு குத்தகை உழவர் குடும்பங்களை ஆயிரக்கணக்கில் கண்டு விசாரித்தார். தம் ஆய்வுகளிலேயே சிறந்ததென அவர் கருதிய அவ்வறிக்கையை அரசியல் கலந்துள்ளது எனக் கூறி வெளியிட மறுத்தனர். பின்னர் கையெழுத்துப் படியையாவது திருப்பித் தாருங்கள் என்று கேட்டபோது, அழிக்கப்பட்டுவிட்டது என்று விடை வந்தது. லௌண்டஸில் இருந்தபோதுதான் அட்லாண்டாவில் கருப்பர்மீது கலவரம் மூண்ட செய்தி எட்டியது. மனைவியும் மகளும் அந்நகரில் இருந்தனர். விரைந்து திரும்பிய தொடர்வண்டியில் அவர் எழுதியது அறிக்கையன்று. இறைவனை நோக்கிய ஒரு முறையீட்டுக் கவிதை. வீடு சேர்ந்ததும் துப்பாக்கி ஒன்றை வாங்கிக்கொண்டு வாயிற்படியில் காவல் அமர்ந்தார்.

பிற்பகுதி உலகறிந்தது, சுருங்கவே சொல்வேன். 1909இல் தோன்றிய கருப்பினத்தவர் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கத்தின் நிறுவனருள் ஒருவரானார். 1910இல் பல்கலைக்கழகத்தை விட்டு நியூயார்க் சென்று கிரைசிஸ் என்னும் திங்களிதழைத் தொடங்கினார். ஆயிரம் படிகளில் தொடங்கிய அவ்விதழ் பத்தாண்டுக்குள் ஒரு இலட்சத்தைத் தொட்டது. லாங்ஸ்டன் ஹியூஸின் புகழ்பெற்ற முதற் கவிதை 1921இல் அதில்தான் வந்தது. லாலா லஜபதி ராய் அவர்தம் நண்பர். 1946இல் அண்ணல் அம்பேத்கர் அவருக்கு மடல் எழுதினார். அமெரிக்கக் கருப்பர் ஐக்கிய நாடுகள் அவைக்கு அளித்த முறையீட்டின் படியைக் கேட்டு, தீண்டப்படாதார் நிலைக்கும் கருப்பர் நிலைக்கும் உள்ள ஒப்புமையை அதில் சுட்டியிருந்தார். டுபாய்ஸும் பரிவோடு மறுமொழி எழுதினார். பல்கலைக்கழகத்தில் படித்த சமூக அறிவியலைத் தம் மக்களின் வழக்குரையாக மாற்றிய இருவர் அவர்கள்.

1934இல் சமூகவியல் துறைத் தலைவராக அட்லாண்டாவுக்கே மீண்டார். பழைய நூறாண்டுத் திட்டத்தைப் புதுப்பிக்க முயன்றுகொண்டிருந்த நிலையில், 1944இல் அவர் விரும்பாமலே ஓய்வு தரப்பட்டது. அமைதி இயக்கத்தில் ஈடுபட்டதற்காக 1951இல், எண்பது கடந்த முதியவரைக் கைவிலங்கிட்டு நீதிமன்றம் ஏற்றினர். குற்றமற்றவர் எனத் தீர்ப்பாயிற்று. ஆயினும் 1958 வரை கடவுச்சீட்டு கிட்டவில்லை. அமெரிக்கச் சமூகவியலின் வரலாற்று நூல்களோ நெடுங்காலம் அவரை அடிக்குறிப்பில் கூடச் சேர்க்கத் தயங்கின. ஆல்டன் மாரிஸ் போன்றோர் அண்மைக் காலத்தில் முனைந்து எழுதிய பின்னரே அத்துறையைத் தோற்றுவித்தோருள் ஒருவராக அவர் பரவலாக ஏற்கப்பட்டார்.

1961இல், தமது 93ஆம் வயதில், கானா நாட்டுத் தலைவர் குவாமே என்குருமாவின் அழைப்பை ஏற்று அக்ரா நகருக்குக் குடிபெயர்ந்தார். ஆப்பிரிக்கா முழுமைக்குமான கலைக்களஞ்சியம் ஒன்றைத் தொகுப்பது அங்கே அவர் மேற்கொண்ட பணி. அந்த வயதிலும் செய்தி திரட்டும் வேலைதான். 1963 ஆகஸ்ட் 27ஆம் நாள் அது முடியாமலே மறைந்தார். மறுநாள் வாஷிங்டன் பேரணியில் திரண்டிருந்த பெருங்கூட்டத்துக்கு அவர் மறைவு அறிவிக்கப்பட்டது. ஒரு காலத்தில் அடிமைகளை அடைத்து வைத்துக் கப்பலேற்றிய கடற்கரைக் கோட்டையின் மதிலோரம் அவர் அடக்கம் செய்யப்பட்டார். 1986இல் அவர்தம் உடலின் எச்சங்களை அவர் வாழ்ந்த வீட்டு வளாகத்துக்கு மாற்றினர்.